ரோமானியச் சட்டத்தில் மந்திரம் எப்போது குற்றமானது?

பண்டைய ரோமில் மந்திரம் செய்வது சட்டப்படி குற்றமா, என்ன தண்டனை கொடுத்தார்கள், பிற்கால ஐரோப்பாவில் நடந்த மாதிரி சூனியக்காரிகள் என்று சொல்லிப் பெண்களைப் பிடித்து எரித்தார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். குற்றம்தான். ஆனால் எது குற்றம் என்பது காலத்துக்குக் காலம் மாறிக்கொண்டே வந்தது. கி.மு. 450-ல் இருந்த சட்டத்தையும் கி.பி. 370-ல் இருந்த சட்டத்தையும் ஒன்றாகப் பேசினால் குழப்பம்தான் மிஞ்சும். தொடக்கத்தில் சட்டம் கேட்டது 'யாருக்கு என்ன கெடுதல் செய்தாய்' என்பதை. பேரரசு வந்த பிறகு 'சக்கரவர்த்தி எப்போது சாவார் என்று யாரிடம் கேட்டாய்' என்பது பெரிய கேள்வியானது. கடைசியில் வீட்டில் என்ன புத்தகம் வைத்திருக்கிறாய் என்பது வரை போய்விட்டது. கெடுதல் நடந்ததா என்ற கேள்வி எப்படி மெல்ல மெல்ல நழுவிப்போனது என்பதைத்தான் இந்தப் பதிலில் விளக்கப் பார்க்கிறேன்.

முதலில் பன்னிரண்டு பலகைச் சட்டம். கி.மு. 451-450-ல் எழுதப்பட்ட, ரோமின் மிகப் பழைய எழுத்துச் சட்டம் இது. அசல் பலகைகள் கிடைக்கவில்லை. பிற்கால ஆசிரியர்கள் மேற்கோள் காட்டிய துண்டுகள்தான் நம் கையில் இருக்கின்றன. அவற்றில் மந்திரத்தோடு சம்பந்தப்பட்டவை இரண்டு. அடுத்தவன் வயலில் விளைந்ததை மந்திரம் ஓதித் தன் பக்கம் இழுத்துக்கொள்வது ஒன்று. அடுத்தவன் மேல் 'கெட்ட பாட்டு' ஓதுவது இன்னொன்று. இந்தக் கெட்ட பாட்டு என்பது சூனியம் வைக்கும் மந்திரமா, ஊரார் முன்னால் ஒருவனைக் கேவலப்படுத்தும் பாட்டா என்பதில் ரோமானியர்களுக்கே ஒருமித்த கருத்து இல்லை. பேச்சாளரும் அரசியல்வாதியுமான சிசரோ அதை அவதூறாக எடுத்துக்கொண்டார். இயற்கையைப் பற்றிப் பெரிய நூல் எழுதிய மூத்த பிளினி மந்திரமாக எடுத்துக்கொண்டார். எப்படி இருந்தாலும் சட்டம் தொட்டது தீங்கைத்தான். தன் வயலுக்கு மழை வேண்டி ஒருவன் எதையாவது முணுமுணுத்தால் யாரும் கேட்கப் போவதில்லை. பக்கத்து வயலின் கோதுமை குறைந்தால்தான் வழக்கு.

இந்தப் பயிர்ச் சட்டத்தின் சாயலில் உண்மையிலேயே ஒரு வழக்கு நடந்திருக்கிறது. பிளினி அதைச் சொல்கிறார். கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் ஃபூரியுஸ் கிரெசிமுஸ் என்று ஒருவர். அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர். கையளவு நிலம்தான், ஆனால் அக்கம்பக்கத்துப் பெரிய பண்ணைகளை விட அமோகமாக விளைந்தது. ஊரார் கண் சும்மா இருக்குமா? மற்றவர்கள் பயிரை மருந்து, மந்திரம் வைத்து இழுக்கிறான் என்று புகார் கிளம்பியது. ஸ்புரியுஸ் அல்பினுஸ் என்ற அதிகாரி வழக்குப் போட்டு நாள் குறித்தார். மக்கள் கூடி வாக்களித்துத் தீர்ப்புச் சொல்லும் காலம் அது. கிரெசிமுஸ் பயந்துபோனார். அந்த நாளில் தன் விவசாயச் சாமான்கள் எல்லாவற்றையும் நகரின் நடுச்சதுக்கத்துக்கே தூக்கி வந்துவிட்டார். நன்றாக அடித்துச் செய்த இரும்புக் கருவிகள், கனமான மண்வெட்டிகள், எடை மிகுந்த கொழுக்கள், வயிறு நிறைந்த உழவு மாடுகள். கூடவே நல்ல உடையும் உடல்வாகுமாகத் தன் வேலையாட்கள். 'குடிமக்களே, என் மந்திரம் இவைதான். நான் விழித்த இரவுகளையும் சிந்திய வேர்வையையும் இங்கே கொண்டுவந்து காட்ட முடியவில்லை' என்ற பொருளில் பேசினார். ஒருவர் விடாமல் எல்லோரும் விடுதலைக்கே வாக்களித்தார்கள்.

பிளினி இதை உழைப்பின் பெருமைக்காகச் சொன்னார். எனக்கு இதில் படுவது வேறு. குற்றம் சாட்டப்பட்டவர் முன்னாள் அடிமை, சொந்தபந்த பலம் இல்லாதவர், அதோடு திடீரென்று செழித்தவர். மந்திர வழக்குகளில் இந்த மாதிரி ஆள்தான் திரும்பத் திரும்ப மாட்டுகிறார். அதே சமயம், தன் பக்கத்து நியாயத்தைப் பொருளாகவே கொண்டுவந்து காட்ட அவருக்கு வழி இருந்தது. பின்னாளில் அது இல்லாமல் போனது.

அடுத்து ஒரு சொல்லைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும், ஏனென்றால் வழக்குகள் எல்லாம் அதன் மேல்தான் நின்றன. லத்தீனில் வெனெஃபிகியம் என்பார்கள். விஷம் வைப்பதும் அதுதான், மருந்து வைப்பதும் அதுதான், சூனியமும் அதுதான். நம் ஊரில் இடுமருந்து என்று சொல்வதில் இருக்கும் அதே மங்கல். சாப்பாட்டில் கலந்தது உடலைக் கெடுத்ததா, மனதை மயக்கியதா, அதில் மந்திரம் சேர்ந்திருந்ததா என்று அவர்கள் பிரித்துப் பார்க்கவில்லை. வேதியியல் சோதனை இல்லாத காலத்தில் பிரிக்கவும் வழியில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருவர் செத்தால் கெட்டுப்போன இறைச்சியா, கொள்ளைநோயா, மனைவியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சந்தேகம் மட்டுமே மிச்சம்.

அந்தச் சந்தேகம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு கி.மு. 331-ஐப் பாருங்கள். வரலாற்றாசிரியர் லிவி எழுதியிருக்கிறார். ரோமின் முக்கியஸ்தர்கள் ஒரே மாதிரி அறிகுறிகளோடு வரிசையாகச் சாகிறார்கள். ஓர் அடிமைப் பெண் வந்து, குலப்பெண்கள் மருந்து காய்ச்சுகிறார்கள் என்று சொல்கிறாள். போய்ப் பார்த்தால் காய்ச்சிக்கொண்டிருக்கிறார்கள். சுமார் 20 பெண்களை அழைத்து வருகிறார்கள். அவர்களில் கொர்னேலியா, செர்கியா என்ற இரண்டு உயர்குலப் பெண்கள், இது உடம்புக்கு நல்ல மருந்துதான் என்று வாதாடுகிறார்கள். அப்படியானால் குடித்துக் காட்டுங்கள் என்கிறார்கள். குடிக்கிறார்கள், எல்லோரும் சாகிறார்கள். அப்புறம் இன்னும் 170 பெண்களுக்குத் தண்டனை. லிவியே இதை முழுதாக நம்பவில்லை. எல்லா ஏடுகளிலும் இது இல்லை என்று தயங்கித்தான் சொல்கிறார். கி.மு. 184-ல் சுமார் 2,000 பேருக்குத் தண்டனை என்று இன்னொரு கணக்கு வருகிறது. கி.மு. 180-ஐ ஒட்டிக் கொள்ளைநோய்க் காலம். விசாரணைக்குப் போன கையுஸ் மேனியுஸ் என்ற அதிகாரி, '3,000 பேரைத் தண்டித்துவிட்டேன், புகார் இன்னும் பெருகிக்கொண்டே போகிறது, ஒன்று இந்த விசாரணையை விட வேண்டும், இல்லை என் மாகாணத்தை விட வேண்டும்' என்று ரோமின் ஆட்சிமன்றமான செனட்டுக்கே எழுதினாராம். எண்ணிக்கைகளை அப்படியே நம்ப வேண்டியதில்லை. நோய் பரவும்போதெல்லாம் மருந்து வைத்தவர்களைத் தேடும் வேட்டை நடந்தது என்பது மட்டும் தெளிவு.

இந்த வேட்டைகளை ஒரு முறைக்குள் கொண்டுவந்தது சுல்லாவின் சட்டம். கி.மு. 81-ல் சர்வாதிகாரியாக இருந்தபோது கத்தியால் கொல்பவர்களையும் மருந்து வைப்பவர்களையும் ஒரே சட்டத்தில் சேர்த்தார். கொர்னேலியச் சட்டம் என்று பெயர். அடுத்த பல நூற்றாண்டுகளுக்கு மந்திர வழக்குகளின் ஆணிவேர் இதுதான். ஆளைக் கொல்வதற்காகக் கெட்ட மருந்தைத் தயாரித்தவர், விற்றவர், வாங்கியவர், வைத்திருந்தவர், கொடுத்தவர் எல்லோரும் இதன் கீழ் வருவார்கள். 'கெட்ட' என்ற அடைமொழிக்குக் காரணம் உண்டு. மருந்து என்று சொன்னால் நல்லதா கெட்டதா என்று சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று சட்ட அறிஞர் கையுஸ் எழுதி வைத்திருக்கிறார். இந்தச் சட்டத்தின் மையம் கொலைதான். மந்திரம் அதற்கான கருவிகளில் ஒன்று.

பிறகு ஓரங்களில் நீட்டிப்புகள் வந்தன. பிள்ளை பிறக்க ஒரு பெண்ணுக்கு மருந்து கொடுத்தாள் இன்னொருத்தி. வாங்கிக் குடித்தவள் செத்துப்போனாள். கெட்ட எண்ணம் இல்லை, ஆனாலும் கெட்ட முன்னுதாரணம் என்று சொல்லி, கொடுத்தவளை ஊரை விட்டு அனுப்ப செனட் முடிவு செய்தது. வசிய மருந்து கொடுப்பவர்களுக்கும் அதே வாதம்தான். சாதாரண ஆள் என்றால் சுரங்க வேலை. அந்தஸ்துள்ளவர் என்றால் தீவுக்கு அனுப்பி, சொத்தில் ஒரு பங்கைப் பறிமுதல் செய்வார்கள். மருந்து குடித்தவர் செத்தால் மரண தண்டனை. தீய நோக்கத்தோடு செய்யும் பலிச் சடங்குகளும் இதே சட்டத்துக்குள் வரும் என்று இன்னொரு செனட் தீர்மானம் சொன்னது. அடுத்த வாசல் அங்கேதான் திறந்தது. பலிச் சடங்கில் யாரும் சாக வேண்டியதில்லை, சடங்கு நடந்தாலே போதும்.

தண்டனையில் ஆளுக்கு ஆள் வித்தியாசம் இருந்ததைக் கவனித்திருப்பீர்கள். ரோமானியப் பேரரசில் பொதுவாகவே அப்படித்தான். ஒரே குற்றத்துக்குப் பெரிய மனிதரைத் தீவுக்கு அனுப்புவார்கள், எளியவரை மிருகங்களுக்குப் போடுவார்கள்.

பேரரசுக் காலத்துக்கு வருவோம். இங்கே மந்திரம் அரசியல் ஆகிறது. முதல் சக்கரவர்த்தியான அகஸ்டஸ் கி.மு. 12-ல் யார் யாரோ எழுதிய குறிப்பேடுகள், ஆரூட நூல்கள் என்று 2,000-க்கும் மேற்பட்டவற்றைத் திரட்டி எரித்தார். கி.பி. 11-ல் ஓர் ஆணை: ஜோசியம் சொல்பவர் யாரிடமும் தனியாகப் பேசக்கூடாது, சாட்சிகள் இருந்தாலும் சாவைப் பற்றிச் சொல்லக்கூடாது. அப்போது அவருக்கு வயது 70-ஐத் தாண்டியிருந்தது. அடுத்து யார் என்ற கேள்வி எல்லோர் மனதிலும் இருந்தது. தன் ஜாதகத்தை ஊருக்கே வெளியிட்டுவிட்டு மற்றவர்கள் அதைப் பற்றிக் கேட்கக்கூடாது என்றார். பின்னால் இருந்த காரணம் எளிமையானது. சக்கரவர்த்திக்கு எத்தனை நாள் ஆயுள் என்று கேட்பவன், அந்த நாளுக்குப் பிறகு என்ன செய்யலாம் என்று யோசிக்கிறான். ஜோசியம் பலிக்கும் என்று ஆட்சியாளரும் நம்பினார், சதிகாரரும் நம்பினார். அதனால்தான் அது ஆபத்தாகத் தெரிந்தது.

கி.பி. 16-ல் லிபோ துருசுஸ் என்ற இளைஞர் இதில் சிக்கினார். நல்ல குடும்பம், கொஞ்சம் அசட்டுத்தனம். நண்பராக நடித்த ஒரு செனட்டர் இவரை ஜோசியர்களிடமும் மந்திரவாதிகளிடமும் போகத் தூண்டிவிட்டு, விஷயத்தை அப்போதைய சக்கரவர்த்தி திபேரியுஸிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார். விசாரணையில் வந்த சாட்சியத்தைப் பார்த்தால் பரிதாபமாக இருக்கிறது. ரோமிலிருந்து பிருந்திசியம் வரை ஆப்பிய நெடுஞ்சாலை முழுவதையும் காசால் மூடும் அளவுக்கு எனக்குப் பணம் சேருமா என்று கேட்டாராம். ஆனால் ஒரு தாள் மட்டும் கழுத்தைச் சுற்றியது. சக்கரவர்த்தி குடும்பத்தார், செனட்டர்கள் பெயர்களின் பக்கத்தில் பயமுறுத்தும் மர்மக் குறிகள் போடப்பட்டிருந்தன. இது என் கையெழுத்தே இல்லை என்றார் லிபோ. அடையாளம் காட்ட அவருடைய அடிமைகளை வதைத்துக் கேட்க வேண்டும். எசமானின் உயிருக்கு ஆபத்தான வழக்கில் அடிமையை வதைக்கக்கூடாது என்று பழைய செனட் தீர்மானம் இருந்தது. திபேரியுஸ் வழி கண்டுபிடித்தார். அடிமைகளை அரசுக் கருவூல முகவருக்கு ஒவ்வொருவராக விற்கச் சொன்னார். விற்ற பிறகு அவர்கள் லிபோவின் அடிமைகள் இல்லையே! அன்று இரவே லிபோ தற்கொலை செய்துகொண்டார். அதற்குப் பிறகும் வழக்கு நடந்தது, சொத்தைக் குற்றம் சாட்டியவர்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஜோசியர்களையும் மந்திரவாதிகளையும் இத்தாலியை விட்டு விரட்டத் தீர்மானம் வந்தது. பித்துவானியுஸ் என்பவரைப் பாறையிலிருந்து தள்ளிக் கொன்றார்கள். மார்கியுஸ் என்பவரை எஸ்குவிலின் வாசலுக்கு வெளியே பழைய முறைப்படி கொன்றார்கள்.

மூன்று ஆண்டுகள் கழித்து ஜெர்மானிகுஸ் அந்தியோக்கியாவில் இறந்தபோது நடந்தது இன்னும் பிரபலம். திபேரியுஸின் தத்துப்பிள்ளை, மக்களின் செல்லப்பிள்ளை. நோயில் கிடந்த வீட்டின் தரையையும் சுவர்களையும் தோண்டினார்கள். மனித உடல் எச்சங்கள், மந்திரங்கள், ஜெர்மானிகுஸ் பெயர் பொறித்த ஈயத் தகடுகள், பாதி எரிந்து இரத்தம் தோய்ந்த சாம்பல் எல்லாம் கிடைத்ததாக வரலாற்றாசிரியர் தாசிதுஸ் எழுதுகிறார். சிரியாவின் ஆளுநராக இருந்த பிசோ மேல் பழி விழுந்தது. கி.பி. 20-ல் செனட் முன்னால் விசாரணை. மந்திரத்தாலும் விஷத்தாலும் கொன்றார் என்பது குற்றச்சாட்டுகளில் ஒன்று. விஷக் குற்றச்சாட்டை மட்டும் பிசோ தரப்பால் உடைக்க முடிந்தது. ஆனால் படையைக் கெடுத்தது, மாகாணத்தை ஆயுதத்தோடு மீட்கப் பார்த்தது போன்றவற்றுக்கு அவரிடம் பதில் இல்லை. தீர்ப்புக்கு முன்பே கழுத்தறுபட்டுக் கிடந்தார். இந்தக் காலத்து வழக்குகளில் மந்திரம் பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது, துரோகம், விபசாரம், ஊழல் இவற்றோடு ஒட்டிக்கொண்டு. கி.பி. 53-ல் ஸ்தாதிலியுஸ் தவுருஸ் மேல் மந்திரக் குற்றச்சாட்டு வந்ததற்குக் காரணம், அவருடைய தோட்டங்கள் மேல் சக்கரவர்த்தினி அக்ரிப்பினாவுக்கு இருந்த ஆசை என்று தாசிதுஸ் வெளிப்படையாகவே சொல்கிறார்.

இந்த வரிசையில் என்னை மிகவும் வருத்தும் பெயர் செர்விலியா. கி.பி. 66, நீரோவின் ஆட்சி. அவளுடைய அப்பா பாரேயா சொரானுஸ் மேல் வழக்கு. இருபது வயது கூட நிரம்பாத பெண், கணவனை ஏற்கெனவே நாடு கடத்திவிட்டார்கள். அப்பா பிழைப்பாரா என்று கேட்க மந்திரவாதிகளிடம் போனாள். அதற்காகக் கல்யாண நகைகளை விற்றாயா என்று செனட்டில் கேட்டார்கள். அவள் தரையில் விழுந்து நெடுநேரம் அழுதாள். பிறகு சொன்னாள்: கெட்ட தெய்வம் எதையும் கும்பிடவில்லை, யாரையும் சபிக்கவில்லை, என் அப்பாவைக் காப்பாற்றிக் கொடுங்கள் என்று மட்டும் வேண்டினேன், நகை, துணிமணி, உயிரையும் இரத்தத்தையும் கேட்டிருந்தால் அதையும் கொடுத்திருப்பேன், தவறு என்றால் அது என்னுடையது, அப்பாவுக்குத் தெரியாது. இரண்டு பேருக்கும் மரணம். எப்படிச் சாவது என்பதைத் தாங்களே தேர்ந்துகொள்ளலாம் என்பதுதான் சலுகை. பன்னிரண்டு பலகைகளின் காலத்து அளவுகோலை வைத்தால் இதில் கெடுதல் அடைந்தவர் யார்? யாருமே இல்லை.

ஜோசியர்களை விரட்டும் ஆணைகள் கி.மு. 139 முதலே வந்துகொண்டிருந்தன. பத்து நாளில் இத்தாலியை விட்டுப் போக வேண்டும் என்று அப்போது சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் போனார்கள், திரும்பி வந்தார்கள். தடை செய்துகொண்டேயும் இருப்போம், வைத்துக்கொண்டேயும் இருப்போம் என்று தாசிதுஸ் இவர்களைப் பற்றி எழுதினார். விரட்டிய சக்கரவர்த்தியே பக்கத்தில் ஒரு ஜோசியரை வைத்திருந்தார். திபேரியுஸுக்குத் திராசில்லுஸ் இருந்தார்.

சரி, அரண்மனையை விட்டுவிட்டுச் சாதாரண ஜனங்களைப் பார்ப்போம். அவர்கள் தகடு எழுதிக்கொண்டே இருந்தார்கள். மெல்லிய ஈயத் தகட்டில் எதிரியின் பெயரைக் கீறி, சுருட்டி, சில சமயம் ஆணி அடித்து, கிணற்றிலோ கல்லறையிலோ போடுவது. கிரேக்க, ரோமானிய உலகம் முழுவதிலும் 1,500-க்கும் மேற்பட்டவை கிடைத்திருக்கின்றன. தேரோட்டியின் கையைக் கட்டு, குதிரையின் காலைக் கட்டு, வழக்கில் எதிராளியின் நாக்கைக் கட்டு என்றெல்லாம் இருக்கும். நாக்கைக் கட்டுவதை வக்கீல்களும் நம்பினார்கள். கூரியோ என்ற பேச்சாளர் ஒரு வழக்கின் நடுவில் பேச வேண்டியது அத்தனையும் மறந்துபோய், எதிர்த்தரப்புப் பெண் தித்தினியா வைத்த மருந்தும் மந்திரமும்தான் காரணம் என்று சமாளித்ததை சிசரோ பதிவு செய்திருக்கிறார். பிரிட்டனில் பாத் நகரத்து வெந்நீர் ஊற்றில் சுமார் 130 தகடுகள் கிடைத்தன. பெரும்பாலும் துணி, காசு திருடு போனதற்கு சூலிஸ் மினெர்வா தேவியிடம் போட்ட முறையீடு. திருடனின் உயிர், தூக்கம் எல்லாவற்றையும் எடு என்று கேட்கிறார்கள். இதைச் சூனியம் என்பதா, தெய்வத்திடம் நியாயம் கேட்பது என்பதா என்று எளிதில் சொல்ல முடியாது.

இத்தாலியில் தோதி ஊரில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. ஊர் மன்ற உறுப்பினர்களின் பெயர்களை ஓர் அரசு அடிமை கல்லறைகளில் கட்டி வைத்துவிட்டான். அந்தப் பெயர்களை வெளிக்கொணர்ந்து ஊரைப் பயத்திலிருந்து காப்பாற்றியதற்காக யூபித்தர் தெய்வத்துக்கு நன்றி என்று கான்கிரியுஸ் பிரிமிகேனியுஸ் என்பவர் செதுக்கி வைத்திருக்கிறார். ஊர்ப் பெரியவர்கள் எல்லோரும் எவ்வளவு நடுங்கியிருக்கிறார்கள் என்பது அந்த நன்றியில் தெரிகிறது.

மந்திர வழக்கு உள்ளே எப்படி இருக்கும் என்று முழுதாகத் தெரிய வேண்டுமானால் அப்புலேயுஸின் வாதத்தைத்தான் படிக்க வேண்டும். கி.பி. 158-59-ஐ ஒட்டி, இன்றைய லிபியாவில் இருக்கும் சப்ராத்தாவில், ஆளுநர் கிளாவ்தியுஸ் மாக்சிமுஸ் முன்னால் நடந்த வழக்கு. அப்புலேயுஸ் மதவுரோஸ் ஊர்க்காரர், தத்துவம் படித்தவர், நன்றாகப் பேசுபவர். பயணத்தின் நடுவில் ஓயா நகரத்தில் தங்கினார். அங்கே பொந்தியானுஸ் என்ற பழைய நண்பன், விதவையான தன் தாய் புதென்தில்லாவை மணந்துகொள்ளச் சொன்னான். நாற்பது வயதைத் தாண்டிய, 40 லட்சம் செஸ்தர்ஸ் (ரோமானிய நாணயம்) சொத்துள்ள பெண். பல வருடமாகத் தனியாக இருந்தவள் வெளியூர்க்காரன் ஒருவனைக் கட்டிக்கொண்டால் உறவினர்கள் என்ன சொல்வார்கள்? வசியம் வைத்துவிட்டான் என்றார்கள். முதல் கணவனின் சகோதரன் எமிலியானுஸ், புதென்தில்லாவின் இளைய மகன் பெயரில் வழக்கைப் போட்டான். மகன் சிறுவன்; வழக்குப் பொய் என்று தெரிந்தால் தண்டனை தன் மேல் விழாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு என்று அப்புலேயுஸ் குத்திக் காட்டுகிறார். தோற்றால் அவர் உயிர் போயிருக்கும்.

சாட்சியங்கள் எவை தெரியுமா? மீனவர்களிடம் விதவிதமான மீன் வாங்கினார். ஒரு சிறுவன் இவர் முன்னால் மயங்கி விழுந்தான். ஏதோ ஒரு பொருளைத் துணியில் சுற்றிப் பொந்தியானுஸின் நூலகத்தில் வைத்திருந்தார். மரத்தில் ஒரு சிலை செய்யச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் அவர் பதில் சொல்லும் விதம் அலாதி. மீனை அறுத்துப் பார்ப்பது அரிஸ்டாட்டில் வழியில் உயிரினங்களை ஆராய்வதற்கு. அந்தப் பையனுக்கு வலிப்பு நோய். தினமும் மூன்று நான்கு முறை விழுபவனை மந்திரம் போட்டு விழவைக்க வேண்டுமா, நிமிர்ந்து நிற்க வைத்தால் அல்லவா மந்திரம்? துணிக்குள் இருந்தது என்னவென்று எனக்குத் தெரியாது என்று சொல்லிக்கொண்டே அது மந்திரப் பொருள் என்று எப்படிச் சொல்கிறாய்? அது கிரேக்கத்தில் தீட்சை பெற்ற சமயச் சடங்குகளின் அடையாளம். சிலையை நீதிமன்றத்திலேயே எடுத்துக் காட்டினார். பயங்கரமான எலும்புக்கூடு என்று சொன்னது கருங்காலியில் செதுக்கிய மெர்க்குரி தெய்வம்.

முக்கியமான சாட்சி ஒரு கடிதம். 'அப்புலேயுஸ் மந்திரவாதி, நான் அவரிடம் மயங்கிவிட்டேன்' என்று புதென்தில்லாவே மகனுக்குக் கிரேக்கத்தில் எழுதியிருந்தாள். அந்த வரியைச் சந்தையில் எல்லோரிடமும் காட்டித் திரிந்தார்கள். அப்புலேயுஸ் முழுக் கடிதத்தையும் வாசிக்க வைத்தார். 'இந்தக் கல்யாணத்துக்கு முதலில் சொன்னவனே நீ. இப்போது கெட்டவர்கள் பேச்சைக் கேட்டு, திடீரென்று அப்புலேயுஸ் மந்திரவாதி ஆகிவிட்டார், நான் மயங்கிவிட்டேன் என்கிறீர்கள். என் புத்தி தெளிவாக இருக்கும்போதே வந்து பார்' என்பது அதன் சாரம். மகனைக் கண்டிக்கும் தாயின் வாக்கியத்தை நடுவில் வெட்டி வாக்குமூலம் ஆக்கியிருந்தார்கள். அடுத்து பணக் கணக்கு. சீதனம் வெறும் 3 லட்சம், அதுவும் பிள்ளை இல்லாமல் அவள் இறந்தால் மகன்களுக்கே திரும்பும். உயிலை உடைத்துப் படித்தால் வாரிசு, வழக்குப் போட்ட அந்த இளைய மகன்தான். ஆக, ஆதாயம் எங்கே? தீர்ப்பு நம் கைக்கு வரவில்லை. ஆனால் அப்புலேயுஸ் அதற்குப் பிறகு கார்த்தேஜில் புகழோடு வாழ்ந்தார் என்பதால் விடுதலை ஆனார் என்றே கொள்ள வேண்டும். அந்த வாதம் எடுபட்டதற்குக் காரணம், ஆதாரத்தைப் பிரித்துப் பார்க்கத் தயாராக ஓர் ஆளுநர் இருந்ததுதான்.

கி.பி. 198-99-ல் எகிப்தின் ஆளுநர் எமிலியுஸ் சத்துர்னினுஸ் குறி கேட்பதைத் தடை செய்தார். எழுதிப் போட்டு தெய்வத்திடம் பதில் வாங்குவதும், சிலை ஊர்வலத்தில் பதில் கேட்பதும் மரண தண்டனைக்குரியது என்றார். இந்த ஆணையை வெள்ளை பூசிய பலகையில் படிக்கிற மாதிரி தெளிவாக எழுதி ஒவ்வொரு ஊரிலும் வைக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார். கோயிலில் ஊரே பார்க்க நடந்துவந்த வழக்கம் இது.

கி.பி. 300-ஐ ஒட்டி, சட்ட அறிஞர் பவுலுஸ் பெயரில் தொகுக்கப்பட்ட சட்டக் கருத்துகளில் நிலைமை முற்றிலும் வேறு. யாரையாவது கட்டவோ மயக்கவோ இரவில் சடங்கு செய்தவரைச் சிலுவையில் அறைவது அல்லது மிருகங்களுக்குப் போடுவது. மந்திரக் கலையில் உடந்தையாக இருந்தவருக்கும் அதே. மந்திரவாதியையே உயிரோடு எரிப்பது. மந்திர நூல் யாரும் வைத்திருக்கக்கூடாது. கண்டுபிடித்தால் நூலைப் பொது இடத்தில் எரித்து, சொத்தைப் பறித்து, பெரியவரைத் தீவுக்கு அனுப்பி, எளியவரைக் கொல்ல வேண்டும். அதோடு நிறுத்தவில்லை: இந்தக் கலையைச் செய்வது மட்டுமல்ல, தெரிந்துவைத்திருப்பதும் தடை. மீன் வாங்கிய அப்புலேயுஸ் இந்தச் சட்டத்தின் முன்னால் நின்றிருந்தால் என்ன வாதாடியிருப்பார் என்று யோசித்துப் பார்க்கிறேன். தெரிந்துவைத்திருந்ததை அவர் மறைக்கவே இல்லை.

அடுத்து வந்த சக்கரவர்த்தி கான்ஸ்டன்டைன் நிதானமாக ஒரு கோடு போட்டார். கி.பி. 320-ஐ ஒட்டிய அவருடைய சட்டம், மந்திரத்தால் ஒருவர் உடலுக்குத் தீங்கு செய்பவரையும் ஒழுக்கமான மனதைக் காமத்துக்குத் திருப்புபவரையும் தண்டிக்கச் சொல்கிறது. உடல் நோய்க்குச் செய்யும் பரிகாரமும், பழுத்த திராட்சையை மழையும் ஆலங்கட்டியும் கெடுக்காமல் இருக்க கிராமத்தில் செய்யும் சடங்கும் குற்றமில்லை. யாருக்கும் கெடுதல் இல்லையே என்று காரணமும் சொல்கிறார். மறுபக்கம், ஒருவர் வீட்டுக்குள் போய்த் தனியாகக் குறி சொல்லும் ஆளை எரிக்கச் சொன்னதும் அவர்தான்.

அவர் மகன் இரண்டாம் கான்ஸ்டன்டியுஸ் அந்தக் கோட்டை மதிக்கவில்லை. கி.பி. 357-ல் குறி கேட்கும் ஆசையே எல்லோரிடமும் என்றைக்கும் அடங்க வேண்டும் என்று ஆணை, மீறினால் வாள். அடுத்த ஆண்டு, அரண்மனையில் இருப்பவர் மந்திரவாதி என்றால் எந்தப் பதவியும் அவரை வதையிலிருந்து காப்பாற்றாது என்றார். 359-ல் எகிப்தின் பேசா தெய்வத்திடம் எழுதிக் கேட்ட தாள்கள் சில அவர் கைக்குப் போய்ச் சேர்ந்தன. பாலஸ்தீனத்தின் ஸ்கித்தோபொலிஸில் பவுலுஸ் என்ற அதிகாரி விசாரணை நடத்தினார். ஒன்றோடு ஒன்றைக் கோத்துக்கொண்டே போவதால் 'சங்கிலி' என்று பட்டப்பெயர். முறைக்காய்ச்சலுக்குக் கழுத்தில் தாயத்துக் கட்டியிருந்தவர், மாலையில் கல்லறைப் பக்கம் நடந்துபோனவர் என்றெல்லாம் சாகடித்ததாக அந்தக் காலத்து வரலாற்றாசிரியர் அம்மியானுஸ் எழுதுகிறார். தாயத்து இல்லாத வீடு இருந்திருக்குமா?

அம்மியானுஸ் பட்டாளத்தில் இருந்தவர். கிழக்குப் பகுதியை ஆண்ட சக்கரவர்த்தி வாலென்ஸ் ஆட்சியில், கி.பி. 371-72-ல் அந்தியோக்கியாவில் நடந்ததை அவர் உள்ளேயிருந்தே பார்த்தவர். ஹிலாரியுஸ், பாத்ரிகியுஸ் என்ற இருவர் லாரல் குச்சிகளால் முக்காலி செய்து, மேலே 24 கிரேக்க எழுத்துகள் பொறித்த உலோகத் தட்டை வைத்து, நூலில் மோதிரம் கட்டித் தொங்கவிட்டு, அடுத்த சக்கரவர்த்தி யார் என்று கேட்டார்கள். மோதிரம் தெ, ஒ என்று தொட்டு அடுத்த எழுத்தையும் தொட்டவுடனே ஒருவர் தெயோதோருஸ் என்று கத்திவிட்டார். அந்தப் பெயரில் அரண்மனைச் செயலர் ஒருவர் இருந்தார். அவரைக் கொன்றார்கள், கேட்டவர்களைக் கொன்றார்கள், அவர்களைத் தெரிந்தவர்களையும் கொன்றார்கள். (வாலென்ஸ் 378-ல் போரில் இறந்தபோது கிழக்கில் அடுத்து வந்தவர் பெயர் தெயோதோசியுஸ். முதல் எழுத்துகள் அப்படியே பொருந்துவதைப் பிற்காலத்தார் வியந்து பேசினார்கள்.)

வீடு வீடாக நூல்களை வாரி வந்து நீதிபதிகள் முன்னால் எரித்தார்கள். பெரும்பாலானவை இலக்கியமும் சட்டமும்தான். பயத்தில் கிழக்கு மாகாணங்களில் மக்கள் தங்கள் நூலகங்களைத் தாங்களே கொளுத்தினார்கள். பின்னாளில் பெரிய கிறிஸ்தவப் பிரசங்கியாரான யோவான் கிறிசோஸ்தோம் அப்போது இளைஞர். நண்பனோடு ஒரொன்தஸ் ஆற்றங்கரையில் போகும்போது தண்ணீரில் ஏதோ வெள்ளையாக மிதக்கிறது. துணி என்று நினைத்து எடுத்தால் புத்தகம், உள்ளே மந்திரக் குறிகள். அதே நேரம் ஒரு படைவீரன் வருகிறான். ஆற்றிலிருந்து எடுத்தேன் என்றால் யார் நம்புவார்கள்? சட்டைக்குள் மறைத்துத் தப்பித்துப் பிறகு தூக்கி எறிந்ததாக அவரே சொல்கிறார்.

ஆசியா மாகாணத்தில் ஆளுநர் ஃபெஸ்துஸ் செய்தவை இன்னும் மோசம். காய்ச்சலுக்கு மென்மையாக மந்திரம் ஓதும் வயதான ஒரு பெண். அவரே தெரிந்து அழைத்து, அவருடைய சொந்த மகளைக் குணப்படுத்தியவள். அவளைச் சூனியக்காரி என்று கொன்றார். இன்னொருவர் வீட்டில் வாலென்ஸ் என்ற பெயரில் ஜாதகம் கிடைத்தது. அது செத்துப்போன என் தம்பியின் ஜாதகம், நிரூபிக்கிறேன் என்றார் அவர். நிரூபிக்கும் வரை காத்திருக்கவில்லை. குளிக்கும் இடத்தில் ஓர் இளைஞன் ஒரு கையால் பளிங்கையும் மறுகையால் நெஞ்சையும் மாற்றி மாற்றித் தொட்டு ஏழு உயிரெழுத்துகளை எண்ணிக்கொண்டிருந்தான். வயிற்று வலிக்கு அதுதான் கை வைத்தியம். அவனை வதைத்துத் தலையை வெட்டினார்கள்.

எரித்தார்களா என்று கேட்டீர்கள். சட்டத்தில் எரிக்கும் தண்டனை இருந்தது, எரிக்கவும் செய்தார்கள். ஆனால் சாத்தானோடு ஒப்பந்தம் போட்ட கூட்டம் என்ற எண்ணம் ரோமானியச் சட்டத்தில் இல்லை. அது ஐரோப்பாவில் வெகு காலம் கழித்து வந்தது. பெண்களை மட்டும் குறிவைத்ததும் இல்லை. நான்காம் நூற்றாண்டு வழக்குகளில் செத்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள், அதிலும் படித்தவர்கள், பதவியில் இருந்தவர்கள். ஒழுங்கான நீதிமன்றத்தில், எழுத்துச் சட்டத்தின் பெயரால்தான் இவை நடந்தன. அதனால் தனி மனிதர்கள் இரகசியமாகத் தீர்த்துக்கட்டுவதைச் சட்டம் விரும்பவில்லை. தேரோட்டி யாராவது மந்திரவாதியைப் பிடித்தால் தானே கொல்லக்கூடாது, அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்று 389-ல் ஆணை வந்தது. கூட்டாளிகள் பெயர் வெளியே வராமல் இருக்கக் கொன்றுவிடுவார்களோ என்ற சந்தேகம்.

கி.பி. 438-ல் தெயோதோசியச் சட்டத் தொகுப்பு இந்த ஆணைகளை எல்லாம் ஒரு தலைப்பின் கீழ் சேர்த்தது. கான்ஸ்டன்டைன் வைத்துவிட்டுப் போன விலக்கையும், அந்தத் திராட்சைத் தோட்டத்து ஆலங்கட்டிச் சடங்கு உட்பட, விடாமல் சேர்த்தார்கள். ஆறாம் நூற்றாண்டில் சக்கரவர்த்தி ஜஸ்தீனியனும் தன் தொகுப்பில் அதை வைத்துக்கொண்டார். கி.பி. 900-ஐ ஒட்டி, கான்ஸ்டான்டிநோபிளில் ஆறாம் லியோ சக்கரவர்த்திதான் அதை நீக்கினார். நன்மைக்காகச் செய்தாலும் மந்திரம் மந்திரம்தான், எல்லாவற்றுக்கும் தண்டனை உண்டு என்று தனியாக ஒரு சட்டமே எழுதினார்.